காவலி எதுவரை காக்கும்?

தீர்ந்துபோன பற்றறியை யாரும் எறியாத காலம் ஒன்று வன்னியில் இருந்தது. 1990 யூனில் போர் மறுபடி மூண்டதோடு தெற்கிலிருந்து வடக்கே வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், சவர்க்காரம், மெழுகுதிரி என்று நீண்ட அரசின் தடைப் பட்டியலில் பற்றறியும் ஏறியது. கண்டி வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி கிளைபிரியும் மாங்குளம் சந்திக்கு அந்த இருட்டு ஏறத்தாழ இருபது ஆண்டு நீடித்தது. 1990 நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் விழுந்தது. 1998 செப்ரெம்பரில் ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. 1999 நவம்பரில் புலிகளின் கைக்குத் திரும்பியது. 2008 நவம்பரில் மறுபடி கைமாறியது. சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்தது. வீடுகள் போயின. ரயில் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாகப் போயின. அத்தனைக்கும் நடுவே, இரவில் செய்தி கேட்டாக வேண்டும் என்ற தேவை மட்டும் போகவில்லை. அந்தத் தேவைதான் ஒரு சமூகத்தையே மின்சாரத்தின் உள்ளே கை விட்டுப் பார்க்க வைத்தது. இங்கே நினைவுகூர்வது தனி ஒருவரின் கதையை அல்ல. ஒரு நிலப்பரப்பின் கைகள் கற்றுக்கொண்ட அறிவை. எந்தப் பொருளும் தன்னளவில் கடத்தியும் இல்லை, காவலியும் இல்லை; ஈரமும் வெப்பமும் மின்னழுத்தமும் பாதையும் சேர்ந்துதான் அதை அப்படி ஆக்குகின்றன என்பதே அந்த அறிவு. விளக்கு வந்தபின் நாங்கள் அதை மறந்துவிட்டோம். அந்த மறதிக்கு இப்போது உயிர்களால் விலை கொடுக்கிறோம் என்பதே என் வாதம்.

பற்றறியைப் பிளந்து பார்த்தவர்களுக்கு அதன் உள்ளே இருப்பது தெரியும். வெளியே நாகத் தகட்டாலான குவளை. நடுவில் பித்தளைத் தொப்பி போட்ட கரிக்கோல். இரண்டுக்கும் இடையில் மங்கனீசீரொட்சைட்டும் கரித்தூளும் கலந்த கறுப்புத் தூளும், அமோனியங் குளோரைட்டுக் கூழும். புதிய பற்றறியில் அந்தக் கூழ் ஈரமாக இருக்கும். நாள் போகப்போக ஈரம் வற்றும், நாகம் அரிக்கப்படும், உள்ளே தடை ஏறும். பற்றறி செத்துவிட்டது என்று நாங்கள் சொல்லும் வேளையிலும் உள்ளிருக்கும் இரசாயனம் முழுவதும் தீர்ந்துவிடுவதில்லை. மின்னேற்றம் நகரும் பாதைதான் தூர்ந்துபோயிருக்கும். இதற்கான கைவைத்தியத்தை யாரும் புத்தகம் பார்த்துச் செய்யவில்லை. தலைப்பக்கத்தில் ஆணியால் துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, துளையை அடைத்து, சற்றுநேரம் வெயிலில் வைத்தால், ரேடியோ ஒரு செய்தியறிக்கை முடியும்வரை பேசும் என்று கண்டுகொண்டார்கள். அதுவும் போதாதபோது பழைய பற்றறிகள் பலவற்றைக் கடதாசிக் குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். உப்புத் தண்ணீர் விட்ட அந்தச் செயலுக்குள் பௌதிகப் பாடம் ஒன்று முழுதாக இருக்கிறது. காய்ந்த உப்புக்கல்லில் அயன்கள் தத்தம் இடத்தில் கட்டுண்டு கிடக்கும், அது கடத்தாது. மிகச் சுத்தமான தண்ணீரில் ஏற்றத்தைச் சுமக்க அயன்கள் அனேகமாக இல்லை. அதுவும் அரிதாகவே கடத்தும். இரண்டையும் சேர்த்தால் நிலைமை தலைகீழாகும். கடல்நீர், முற்றாகச் சுத்திகரித்த நீரைவிடக் கிட்டத்தட்ட பத்து இலட்சம் மடங்கு நன்றாகக் கடத்துகிறது. அப்படியானால் கடத்தி எது? உப்பா, தண்ணீரா? தனித்தனியே இரண்டும் இல்லை. சேர்ந்த நிலைதான் கடத்தி. வெயிலும் இதற்குச் சாட்சி. செப்புக் கம்பி சூடேறினால் அதன் தடை கூடும். பற்றறியின் கூழ் சூடேறினால் தடை குறையும். ஒரே வெயில் ஒன்றை அடைக்கிறது, மற்றதைத் திறக்கிறது.

ஏற்றம் என்பது எங்கிருந்தோ வந்து பொருளுக்குள் புகும் ஒன்று என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. உண்மையில் எல்லாப் பொருளும் ஏற்றத்தால் ஆனதுதான். ஒவ்வோர் அணுவின் கருவிலும் நேரேற்றம், அதைச் சுற்றி மறையேற்றம் கொண்ட இலத்திரன்கள். இரண்டும் சரிக்குச் சரியாக இருப்பதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. கேள்வி ஒன்றே ஒன்று: அந்த ஏற்றம் நகரமுடியுமா, முடியாதா? செம்பில் ஏறத்தாழ ஒவ்வோர் அணுவும் ஓர் இலத்திரனைப் பொதுவில் விட்டிருக்கிறது. சிறு தள்ளுதலுக்கும் அவை நகரும். கண்ணாடியில், பீங்கானில், பிளாஸ்ரிக்கில் இலத்திரன்கள் தத்தம் அணுவோடு இறுகியிருக்கும். சோளகக் காற்று வீசும் காய்ந்த நாளில் பிளாஸ்ரிக் சீப்பால் தலைவாரிவிட்டுக் கடதாசித் துண்டுகளின்மேல் பிடித்தால் அவை துள்ளி ஏறும். மாரி தொடங்கி வாடைக்காற்றோடு ஈரம் ஊறிய நாளில் அதே சீப்பு, அதே தலை, அதே கடதாசி, ஒன்றும் அசையாது. சீப்பு மாறவில்லை. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து, உரசலில் சேர்ந்த ஏற்றத்தைச் சேரச்சேரக் கசியவிட்டுவிடுகிறது. கார்த்திகையில் கடத்துவதும் ஆடியில் காப்பதும் ஒரே சீப்புத்தான் என்பதை வன்னியின் எந்தப் பிள்ளையும் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம்.

கடத்தி, காவலி என்ற பிரிவு பிறந்த இடத்திலேயே இந்த உண்மை பதிவாகியிருக்கிறது. 1729இல் இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் ஸ்டீபன் கிரே என்பவர், கிரான்வில் வீலர் என்ற நண்பரோடு சேர்ந்து, உரசிய கண்ணாடிக் குழாயின் ஏற்றத்தைச் சணல் நூல் வழியே தொலைவுக்கு அனுப்பிப் பார்த்தார். நூலை இடையிடையே மெல்லிய பட்டிழையால் தாங்கியபோது ஏற்றம் மறுமுனைவரை போய் மெல்லிய பித்தளை இதழை இழுத்தது. பட்டிழை பாரம் தாங்காமல் அறுந்தபின் மெலிந்த பித்தளைக் கம்பியால் தாங்கினார்கள். ஏற்றம் வழியிலேயே ஒழுகிப்போனது. அப்போதுதான் மெலிவு காரணமல்ல, பொருளின் தன்மைதான் காரணம் என்பது அவர்களுக்கு விளங்கியது. மின்சாரத்தின் முதல் நெடுந்தொலைவுப் பாதை சணல் நூல் என்பதை நிறுத்தி யோசிக்க வேண்டும். இன்று எந்தப் பள்ளிக்கூடப் பட்டியலிலும் நூல் காவலியின் பக்கம்தான் இருக்கும். உரசிய கண்ணாடி தருவது ஆயிரக்கணக்கான வோல்ற் அழுத்தம். அந்த இதழை இழுக்கத் தேவையானது மிகச் சிறிய ஏற்றம். நூலின் நாருக்குள் இருந்த ஈரம் அதற்குப் போதுமாக இருந்தது. நூலை நனைத்தால் இன்னும் நன்றாகக் கடத்துகிறது என்பதைச் சில ஆண்டுகளிலேயே பிரான்சின் டு ஃபே காட்டினார். 1833இல் மைக்கேல் பரடே, தண்ணீரில் ஓடும் மின்னோட்டத்தை ஒரு மெல்லிய பனிக்கட்டிப் படலம் நிறுத்திவிடுவதைக் கண்டார். உறைந்தால் காவலி, உருகினால் கடத்தி. ஆகவே நான் சொல்வது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. விஞ்ஞானம் தொடக்கத்திலேயே அறிந்திருந்ததை நமது வகுப்பறைகள் கைவிட்டுவிட்டன என்பதுதான் முறைப்பாடு.

நமது சொற்களே நமக்கு வழி காட்டியிருக்கலாம். தமிழ்நாட்டில் மின்கடத்தாப் பொருள் என்று சொல்வதை இலங்கைப் பாடநூல்கள் காவலி என்கின்றன. கடத்தாப் பொருள் என்ற சொல் ஒருபோதும் கடத்தாது என்று உறுதி கொடுத்துவிடுகிறது. அரிதிற் கடத்தி என்ற இன்னொரு சொல் அதைவிட நேர்மையானது. கடத்தும், ஆனால் அரிதாக என்று ஒப்புக்கொள்கிறது. காவலி என்பதோ ஒரு பொருளின் குணத்தைச் சொல்லவில்லை. அது செய்யும் வேலையைச் சொல்கிறது. காவல் என்பது நின்று செய்யும் வேலை. காவலாளி எவ்வளவு நேரம் நிற்பான், எவ்வளவு நெருக்கடிக்குத் தாங்குவான் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சோதனைச்சாவடிகளுக்கு நடுவே வாழ்ந்த சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. எந்தக் காவலும் எல்லா நாளும் ஒரேமாதிரி இருக்காது என்பதும், ஒரு பற்றறி எந்தெந்த வழியால் கடந்து வரும் என்பதும் அவர்களுக்கு அனுபவம்.

அந்த ஆண்டுகளின் இன்னும் இரண்டு சாட்சிகளைச் சொல்லவேண்டும். முதலாவது கரிக்கோல். பற்றறியின் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்புக் கோல் தூய கரி, நன்றாகக் கடத்தும். பென்சிலின் உள்ளே இருப்பதும் அதன் இனம்தான். அதே கரியணுக்களை வேறு விதமாக அடுக்கினால் கிடைப்பது வைரம். அது உலகின் சிறந்த காவலிகளில் ஒன்று. பென்சில்கரியில் ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு கைகோத்து, நான்காவது இலத்திரனைத் தட்டோடு தட்டாக அலையவிடுகிறது. வைரத்தில் நான்கு கையும் பிணைந்துவிடுவதால் அலைய ஒன்றும் மிச்சமில்லை. மூலகம் ஒன்று, நடத்தை இரண்டு. இரண்டாவது சாட்சி சைக்கிள் டைனமோ. பற்றறி கிடைக்காதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றினார்கள். டயரோடு உரசிச் சுழலும் அந்தச் சின்னப் போத்தல் ஆறு வோல்ற் தரும். ஆனால் அது தருவது முன்னும் பின்னும் மாறிமாறி ஓடும் ஆடலோட்டம்; ரேடியோவுக்கு வேண்டியது ஒரே பக்கம் ஓடும் நேரோட்டம். பழுதான ரேடியோக்களிலிருந்து கழற்றிய நான்கு டையோட்டுகள் அந்தக் குறையைத் தீர்த்தன. டையோட்டு என்பது அரிசிமணி அளவு உருளை. ஒரு முனையில் ஒரு வளையக் கோடு. ஒரு பக்கமாகத் தள்ளினால் கடத்தி, மறுபக்கமாகத் தள்ளினால் காவலி. அதே மணி, அதே நொடி, அதே ஈரம். திசை மட்டும் வேறு. ஒருவர் சைக்கிளைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து பீபீசி தமிழோசை கேட்ட ஒவ்வோர் இரவும் இந்த உண்மை நிரூபிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. இன்று மாங்குளத்தின் கூரைகளில் காணும் சூரியத் தகடுகளும் அதே குறைகடத்தி இனத்தவை. சிலிக்கனில் மிகச் சிறிதளவு பொசுபரசும் போரனும் கலந்து அதன் கடத்துதிறனை மனிதர் விரும்பியபடி அமைத்திருக்கிறார்கள்.

2009இல் போர் முடிந்தபின் மின்சாரம் திரும்பியது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ற் கோபுரங்கள் காட்டையும் வயலையும் கடந்து நின்றன. வீட்டுக்கு 230 வோல்ற் வந்தது. 2013 செப்ரெம்பரில் ரயிலும் மாங்குளத்தைத் தாண்டிக் கிளிநொச்சிவரை ஓடியது. பற்றறியைத் துளைத்த கைகள் சுவிச்சைத் தட்டத் தொடங்கின. ஒன்றரை வோல்ற்றோடு பழகிய கைகள் அவை என்பதுதான் இங்கே முக்கியம். பற்றறியின் இரு முனையையும் ஈரக்கையால் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது. கைக்கு மின்சாரம் ஆபத்தில்லாத ஒன்றாகவே இருபது ஆண்டு அறிமுகமாகியிருந்தது. அந்த இடத்தில் பள்ளிக்கூடம் வந்து, இருபது ஆண்டின் அறிவுக்கு அழுத்தம் என்ற ஒன்றை மட்டும் சேர்த்துக் கொடுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும். பள்ளிக்கூடம் கொடுத்தது பட்டியல்: செம்பு, இரும்பு, அலுமினியம் கடத்திகள், மரம், றப்பர், துணி, கடதாசி காவலிகள். பட்டியலுக்கு ஆதாரமாக ஒரு பரிசோதனை: பற்றறி, ரோச் பல்பு, இரண்டு வயர், இடைவெளியில் பொருளை வை, பல்பு எரிந்தால் கடத்தி, எரியாவிட்டால் காவலி.

அந்தப் பரிசோதனையைக் கொஞ்சம் கிட்ட இருந்து பார்ப்போம். சாதாரண ரோச் பல்பு நன்றாக எரிய ஏறத்தாழ 0.3 அம்பியர் வேண்டும். அதில் மூன்றிலொன்று ஓடினாலும் இழை கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பதில்லை. ஒன்றரை வோல்ற் பற்றறியோடு 100 ஓம் தடையுள்ள எந்தப் பொருளை வைத்தாலும் பல்பு இருட்டாகவே இருக்கும். பிள்ளை காவலி என்று எழுதும். இப்போது வீட்டு மின்சாரத்துக்கு வருவோம். காய்ந்த தோல் ஓர் இலட்சம் ஓம் வரை தடை தரலாம். அப்போது 230 வோல்ற்றில் உடலினூடாக ஓடுவது 2.3 மில்லி அம்பியர். சுரீரென்று இருக்கும், ஆளைவிடும். நனைந்த உடலின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது ஓடுவது 230 மில்லி அம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க 50 முதல் 100 மில்லி அம்பியர் ஒரு நொடி ஓடினால் போதும். ஆக, மனிதரைக் கொல்லும் மின்னோட்டத்தை அந்தப் பல்பால் காணவே முடியாது. பல்பின் கண்ணுக்கு மனித உடலே ஒரு காவலி. ஈர விறகு, பச்சை மரக்கிளை, சேறு, கிணற்றுக் கயிறு, நனைந்த சேலை எல்லாமே காவலி. இப்படிப்பட்ட கண்ணைப் பிள்ளையின் கையில் கொடுத்து உலகத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறோம். பச்சை முருங்கைக் கொப்பால் கம்பியைத் தள்ளப் போகிறவரும், கிணற்றடியில் நனைந்த காலோடு மோட்டரின் வயரைத் தடியால் ஒதுக்குகிறவரும், மரம் காவலி என்ற வரியை நம்பியே கை நீட்டுகிறார்கள். மரம் என்று ஒரு பொருள் இல்லை. ஆவணியில் காய்ந்த பலகை ஒன்று, மார்கழியில் ஊறிய பலகை வேறொன்று.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. செம்புக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள தடை வித்தியாசத்தை எழுத 1க்குப் பின்னால் குறைந்தது 18 பூச்சியம் போடவேண்டும். இயற்கையில் வேறெந்தக் குணத்திலும் இவ்வளவு பெரிய இடைவெளியைக் காண்பது அரிது. இப்படி வானுக்கும் மண்ணுக்குமாக விலகி நிற்பவற்றை இரண்டு பட்டியலாகப் பிரிப்பதில் என்ன தவறு? பத்து வயதுப் பிள்ளைக்கு எளிய விதி வேண்டாமா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. செம்பும் பீங்கானும் சுத்தமாக, காய்ந்து இருக்கும்வரை பட்டியல் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதினெட்டுப் பூச்சியத்துக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டும். மண், தண்ணீர், மரம், கயிறு, சீமெந்துத் தரை, இலை, தோல், இரத்தம்: ஒரு வன்னிக் கமக்காரர் நாள்முழுதும் தொடும் பொருள்கள் எல்லாமே அந்த நடுவெளியில்தான் இருக்கின்றன. செம்பைத் தொட்டால் ஆபத்து என்று தெரிந்து யாரும் தொடுவதில்லை. பீங்கானைத் தொட்டு யாரும் சாவதில்லை. சாவு நடப்பது நடுவெளியில். பட்டியல் பேசாமல் விடுவதும் அந்த நடுவெளியைத்தான். எளிய விதி வேண்டுமென்றால் இதைவிட எளிய விதி இருக்கிறது: எந்தப் பொருளையும் பெயர் பார்த்து நம்பாதே, நனைந்திருக்கிறதா, எவ்வளவு வோல்ற், பாதை எங்கே முடிகிறது என்று கேள். பத்து வயதுக்கு இது கனமில்லை. பாம்பைப் பற்றியும் குளத்தின் ஆழத்தைப் பற்றியும் இதைவிடச் சிக்கலான விதிகளை அந்தப் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள்.

மின்சாரத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் பட்டியலை நம்புவதில்லை. அதற்குச் சான்று ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் இருக்கிறது. 33 கிலோவோல்ற் கம்பியைத் தாங்கும் பீங்கானை அண்ணாந்து பாருங்கள். அது வெறும் உருளையாக இல்லை. பாவாடை போல விரிந்த மடிப்புகள், ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் உட்குழிவு. பீங்கான் கடத்தாப் பொருள் என்றால் இந்த வேலைப்பாடு எதற்கு? மழை பெய்யும்போது மேற்பரப்பு நனையும், நனைந்த மேற்பரப்பு கடத்தும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். மடிப்பின் அடிப்பக்கம் மழை படாமல் காய்ந்திருக்கும். கசியும் ஏற்றம் ஒவ்வொரு மடிப்பையும் ஏறி இறங்கிப் போகவேண்டியிருப்பதால் அதன் பாதை நீளும். முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற இடங்களில் உப்புக்காற்று அந்தப் பீங்கானில் உப்பைப் படியவைக்கும். கொட்டும் மழை அதைக் கழுவிவிடும். ஆபத்தானது விடியற்காலைப் பனியும் சிறு தூறலும்தான். உப்பும் ஈரமும் சேர்ந்த படலத்தின்மேல் பொறி பாயும். தடைக்காலத்தில் பற்றறிக்கு உயிர்கொடுத்த அதே உப்புத்தண்ணீர், இங்கே காவலியைக் கடத்தியாக்குகிறது. காற்றுக்கும் இதே நீதி. காய்ந்த காற்று நல்ல காவலி. ஆனால் ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற் ஏறினால் அது முறியும். சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலையில் கருக்கூட்டும்போது வானம் செய்வது அதைத்தான். கிலோமீற்றர்க் கணக்கான காற்றை உடைத்துக்கொண்டு முப்பதினாயிரம் அம்பியர் அளவில் ஏற்றம் பனைமரத்தின் தலையில் இறங்குகிறது. அவ்வளவு தூரக் காற்றை உடைத்து வந்த மின்னலை அரை அங்குல றப்பர்ச் செருப்பு தடுக்கும் என்று நம்புவது, பட்டியலை நம்புவதன் கடைசி விளைவு.

வன்னியில் இந்த மறதி மிகக் கொடூரமாக வெளிப்படும் இடம் மின்வேலி. யானைக்காக முறையாக அமைக்கும் வேலியில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ற். ஆனால் அந்தக் கருவி மின்சாரத்தைத் தொடர்ந்து விடுவதில்லை. ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை, ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைவான நேரம் ஒரு தட்டு, பிறகு அமைதி. ஒவ்வொரு தட்டிலும் போகும் ஏற்றம் மிகச் சிறிது. யானை அதிர்ந்து விலகும், சாகாது. மனிதர் தொட்டாலும் கையை எடுக்க நேரம் இருக்கும். இதன் செலவைத் தாங்கமுடியாமலோ பொறுமையின்றியோ சிலர் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் ஏற்றுகிறார்கள். காட்டுப்பன்றிக்கென்றும் அப்படிக் கம்பி கட்டுகிறார்கள். வேலிக்கு ஏழாயிரம் வோல்ற் என்றால் 230 அதைவிடக் குறைவுதானே என்ற கணக்கு அவர்களுடையது. குறைவானது வோல்ற், இடைவெளியில்லாமல் நொடிக்கு நொடி உடலினூடாகப் போகும் ஏற்றம் பல மடங்கு கூடியது. தொட்ட தசை இறுகிவிடும், கை விடாது. இரவில் வயலுக்குப் போன மனிதரும் வேலியோரம் நடந்த யானையும் ஒரே விதமாக விழுகிறார்கள். யானைகளே இதில் நம்மைவிடக் கவனமாகப் பாடம் படித்திருக்கின்றன. தந்தம் அரிதாகவே கடத்தும் என்பதைக் கண்டு தந்தத்தால் கம்பியை அறுக்கும் யானைகளும், கம்பியைத் தொடாமல் மரத்தைச் சரித்து வேலிமேல் போடும் யானைகளும் உண்டு. எந்தப் பொருள், எந்த இடத்தில், எந்தத் தள்ளுதலுக்கு என்று அவை பார்க்கின்றன.

இனி, பாதுகாப்புக் கருவிகளைக் காட்டி வரும் மறுப்பு. வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிச் இருக்கிறது. 30 மில்லி அம்பியர் கசிந்தால் கண்ணிமைப்பொழுதில் அது விழுந்துவிடும். பிறகு சனத்துக்கு எதற்கு இந்தப் பாடம்? அந்தக் கருவி பெரிய கொடை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரியாதவர் வீட்டில் அது நிலைப்பதில்லை. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று அது கணக்குப் பார்க்கிறது. மழைநாளில் அது அடிக்கடி விழுகிறது என்றால், வீட்டில் எங்கோ ஒரு காவலி நனைந்து கடத்தியாகிவிட்டது என்று அது சொல்கிறது. கடத்தியும் காவலியும் மாறாத பெயர்கள் என்று படித்தவருக்கு அந்தச் சொல் கேட்பதில்லை. சுவிச் பழுது என்று முடிவுசெய்து அதை விலக்கி நேரே இணைத்துவிடுகிறார். இன்னொன்று: காய்ந்த பலகையில் செருப்போடு நின்று இரண்டு வயரையும் இரண்டு கையால் பிடிப்பவரை அந்தக் கருவி காப்பாற்றாது. போனதும் திரும்பியதும் சமமாகவே இருக்கும். நடுவில் இருப்பது நெஞ்சு. பலகை ஒரு பாதையைத்தான் அடைத்தது. மண்ணும் அப்படித்தான். புவித்தொடுப்புக்காக அடித்த கம்பி மாரியில் நன்றாக வேலைசெய்யும். ஆவணியில் நிலம் வெடித்துக் காயும்போது அதைச் சுற்றியுள்ள மண்ணே காவலியாகிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கோடையில் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். கருவி அறிவுக்கு மாற்று இல்லை. அறிவுள்ள வீட்டில்தான் கருவி உயிர்வாழும்.

கடைசி மறுப்பு மனத்தைத் தொடுவது. இருட்டு ஆண்டுகளைப் பள்ளிக்கூடமாக்கிப் புகழலாமா? பற்றறியில் உப்புத் தண்ணீர் ஊற்றியவர்கள் விஞ்ஞானம் கற்கவில்லை. வேறு வழியில்லாமல் செய்தார்கள். ஜாம் போத்தல் விளக்கின் புகையில் கண் எரியப் படித்த பிள்ளைகளிடம் போய் அது நல்ல காலம் என்று சொல்லமுடியுமா? முடியாது, சொல்லவும் கூடாது. அந்தத் தடை ஓர் அநியாயம். அது தந்த அறிவைச் சொல்வதால் தடை நியாயமாகிவிடாது. ஆனால் இழந்தவை அத்தனைக்கும் பிறகு கையில் மிஞ்சிய ஒன்றையும் நாமே எறிந்துவிடுவது இன்னோர் இழப்பு. காரணம் சொல்லத் தெரியாமல் செய்தார்கள் என்பது உண்மை. காரணம் சொல்வதுதான் பள்ளிக்கூடத்தின் வேலை. செய்கை ஏற்கனவே வீட்டில் இருக்கிறது. அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இன்னும் இருக்கிறார்கள். மாங்குளத்திலோ ஒலுமடுவிலோ ஒரு விஞ்ஞான ஆசிரியர் அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, பழைய பற்றறி ஒன்றில் ஆணி அடிக்கச் சொல்லி, அயன் என்றால் என்ன என்று அதிலிருந்து தொடங்கினால், அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

பரிசோதனையையும் கைவிடத் தேவையில்லை. கூடச் சில வரி சேர்த்தால் போதும். ஒரே நூலைக் காய்ந்தபடி ஒரு தடவையும் உப்புத் தண்ணீரில் நனைத்து ஒரு தடவையும் வைக்கலாம். பல்பு இரண்டு தடவையும் எரியாது. பல்பின் இடத்தில் பல்மானியை வைத்தால் அதன் முள் நனைந்த நூலுக்கு அசையும். பல்பு காணாததை முள் கண்டது என்று பிள்ளை எழுதட்டும். பட்டியலில் மூன்றாவது நிரல் ஒன்று போட்டு, எந்த நிலையில் என்று கேட்கட்டும். அந்த நிரல் வன்னிக்கு அந்நியமில்லை. யானைவேலி ஓடும் கிராமங்களில் மழைக்குப் பின் ஆட்கள் கத்தியோடு போய் வேலிக்கடியில் வளர்ந்த புல்லை வெட்டுகிறார்கள். ரோச் பல்பின் பட்டியலில் புல் காவலி. வேலிக் கம்பியில் முட்டும் பச்சைப்புல்லோ, இதழுக்கு இதழ் கொஞ்சங்கொஞ்சமாக ஏற்றத்தை மண்ணுக்கு இறக்கி, ஏழாயிரம் வோல்ற்றை வெறும் கம்பியாக்கிவிடும். அன்றிரவு யானை வரும். இது தெரிந்துதான் அவர்கள் குனிந்து, கம்பிக்குக் கீழே ஒரு முழம் விட்டு, ஈரப்புல்லை அடியோடு வெட்டிக்கொண்டு போகிறார்கள்.